கொல்லைப்புறக் குச்சு

அரியலூரில் கரி பஸ் கிளம்பவே உச்சிவேளை ஆகிவிட்டது. யுத்தம் முடிந்துவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். பெட்ரோலுக்கும் சீமெண்ணெய்க்கும் துணிக்கும் அந்தச் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை. பஸ்ஸின் முதுகில் கட்டியிருந்த உலையில் ஒருத்தன் கரியைக் கொட்டிக் கிளறிக்கொண்டே இருந்தான். வண்டி இருமியது, புகைந்தது, அப்புறம் மனம் இல்லாமல் நகர்ந்தது.

செல்வம்மாள் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து ரயிலில் வந்தவளை அண்ணன் வீரமுத்து ஸ்டேஷனிலிருந்து கூட்டிவந்து பஸ்ஸில் ஏற்றிவிட்டுக் குரும்பலூருக்குத் திரும்பிவிட்டான். அவனுக்கும் அறுப்பு. அறுப்பு இல்லாவிட்டாலும் தங்கச்சியின் புருஷன் வீட்டுக்கு வந்து அவன் என்ன பேசிவிட முடியும்? "ஒடம்பு நல்லாயிடுச்சுன்னு சொல்லிடு செல்வம்" என்றான், எங்கோ பார்த்துக்கொண்டு. அவ்வளவுதான் அவனால் சொல்ல முடிந்தது. இந்த வியாதியைப் பற்றி ஆம்பளைகள் எங்கோ பார்த்துக்கொண்டுதான் பேசுவார்கள்.

பக்கத்தில் ஒரு கருவாட்டுக்காரி வந்து பொத்தென்று உட்கார்ந்தாள். கூடையை மடியில் வைத்துக்கொண்டு செல்வம்மாளைத் தோளால் இடித்து நகர்த்தினாள். வண்டி குலுங்கத் தொடங்கியதும் அவளுக்குத் தூக்கம் வந்துவிட்டது. தலை சாய்ந்து சாய்ந்து கடைசியில் செல்வம்மாளின் தோளிலேயே படுத்துக்கொண்டது. வாயைத் திறந்து ஒரு குறட்டை வேறு.

செல்வம்மாள் மூச்சைக்கூட மெதுவாக விட்டாள். ஆஸ்பத்திரி டாக்டரம்மாவும் நர்சுகளும் தொட்டதைத் தவிர, எட்டு வருஷமாக ஒரு மனுஷத் தலை அவள் மேல் சாய்ந்ததில்லை. தோள் மரத்துப்போயிற்று. கருவாட்டு நாற்றம் மூக்கைத் துளைத்தது. எழுப்ப மனசு வரவில்லை. விக்கிரமங்கலத்தில் இறங்கும்போது அந்தத் தலையை இரண்டு கையாலும் ஏந்தி, பலகையில் சாய்த்துவிட்டுத்தான் இறங்கினாள்.

அங்கிருந்து வடக்கே நடை. இரண்டு பக்கமும் வரகுத் தாள் அறுத்த கட்டாந்தரை. தை மாதத்துக் காற்று, வெயிலிலும் லேசாகக் குளிர்ந்தது. கையில் ஒரு சின்ன மூட்டை. உடம்பில் ஆஸ்பத்திரியில் கொடுத்த வெள்ளைச் சீலை. போகும்போது உடுத்தியிருந்தது கொதிக்க வைத்துத் துவைத்ததில் நூல் நூலாகப் பிரிந்துவிட்டதாம். ரேஷன் கடையில் கண்ட்ரோல் துணிகூடக் கிடைக்காத காலத்தில் அவர்கள் ஒரு சீலை கொடுத்ததே பெரிசு. நிறம் கேட்டு வாங்கவா முடியும்?

வழியெல்லாம் அவள் மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தாள். நேராக வாசல் வழியாகப் போவது. "அண்ணி, எனக்கு நல்லாயிடுச்சு" என்று நாத்தனாரிடம் சொல்வது. பூமாலையைக் கூப்பிடுவது. பூமாலை அவள் மகள். பெரும்பாடு தொடங்கியபோது மூன்று வயசு, இப்போது பதினொன்று.

உதிரம் நிற்காமல் போகிற அந்த வியாதிக்கு ஊரில் பெயர் பெரும்பாடு. இரண்டாவது பிரசவம் தவறிப்போனதிலிருந்து வந்தது. மாதத்தில் மூன்று நாள் பெண்கள் ஒதுங்குகிற கொல்லைப்புறக் குச்சுதான் அவளுக்கு வீடாகிப்போனது. மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால், எருக்குழி ஓரத்தில், குனிந்து நுழைகிற மாதிரி ஒரு கூரை. வைத்தியர் மருந்து, கோயில் வேண்டுதல், தாயத்து, கஷாயம், எதுவும் பாக்கியில்லை. சில நாள் நிற்பதுபோல் நிற்கும். ஒருதடவை அப்படி நின்றது என்று நம்பி, தலைக்கு ஊற்றிக்கொண்டு வீட்டுக்குள் போய்ப் பொங்கல் பானையில் கைவைத்தாள். பானை பொங்குவதற்குள் மறுபடியும் கண்டுவிட்டது. பானையை உடைத்து, வீட்டை மெழுகி, அந்த வருஷம் பொங்கலே இல்லை. அதற்குப் பிறகு அவள் "நின்னுபோச்சு" என்றால் கேட்க ஆளில்லை.

ஊர் எல்லையில் ஆலமரம் வந்தது. தெரு வந்தது. தெருவில் யாரும் இல்லை, எல்லோரும் களத்தில். சொந்த வீட்டு வாசல் வந்தது. கோலம் அழிந்து கிடந்த வாசல்.

அங்கே அவள் ஒரு தப்பு செய்தாள். தப்பு என்றுகூடச் சொல்ல முடியாது. வாசலுக்கு நேராக வந்த கால்கள் நிற்காமல் இடதுபக்கச் சந்தில் திரும்பின. வேலியை ஒட்டி நடந்தன. கொட்டகையைச் சுற்றின. எருக்குழியைத் தாண்டின. குனிந்து குச்சுக்குள் நுழைந்து மூட்டையை வைத்துவிட்டு உட்கார்ந்த பிறகுதான், ஐயோ, இங்கே ஏன் வந்தோம் என்று அவளுக்கு உறைத்தது.

எழுந்து வெளியே வருவதற்குள் கிணற்றடியில் சுந்தராம்பாள் நின்றுகொண்டிருந்தாள். புருஷன் அங்கமுத்துவின் அக்கா. இளம் வயசிலேயே தாலியறுத்துத் தம்பி வீட்டுக்கு வந்தவள். இத்தனை வருஷமும் இந்த வீட்டு அடுப்பும் உரலும் அவள் தலையில். கையில் வாளியோடு செல்வம்மாளைப் பார்த்தாள். வெள்ளைச் சீலையைப் பார்த்தாள். குச்சு வாசலைப் பார்த்தாள். முகம் வாடிப்போயிற்று.

"வந்துட்டியா? நல்லாக்கிட்டு வருவன்னு பாத்தேனே புள்ள."

"அண்ணி, வந்து..."

"வேணாம். ஒண்ணும் சொல்லாத. வாசப்பக்கமே எட்டிப் பாக்காம நீயா சந்து வழியாப் போறத அடுப்பங்கரை சன்னல்லேந்து பாத்துட்டுத்தானே ஓடியாறேன். தெரிஞ்ச கதைதானே. அதென்னடி வெள்ளைச் சீல? எந்தம்பி குத்துக்கல்லாட்டம் இருக்கான், அவன் இருக்குறப்ப நீ என்னயப்போல உடுத்திக்கிட்டு வந்து நிக்குற?"

"ஆஸ்பத்திரில குடுத்தாங்க அண்ணி. இப்ப எனக்கு..."

"சரி சரி, இரு. சோறு குடுத்தனுப்புறேன்."

வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அவள் கொடுமைக்காரி அல்ல. கொடுமைக்காரியாக இருந்தால் இரண்டு வார்த்தை எதிர்த்தாவது பேசியிருக்கலாம். அவள் கண் கலங்கியிருந்தது.

அந்த ஊரில் இந்த விஷயத்தை யாரும் வாயால் சொல்வதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒதுங்கிய பெண் "ஒதுங்கிவிட்டேன்" என்று சொல்ல மாட்டாள். குச்சில் போய் உட்காருவாள், தெரிந்துகொள்வார்கள். முடிந்த பெண் "முடிந்துவிட்டது" என்றும் சொல்ல மாட்டாள். தலைக்கு ஊற்றிக்கொண்டு, வண்ணாத்தி குஞ்சம்மாள் கொண்டுவந்து கொடுக்கிற மாத்துச் சீலையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் போவாள், தெரிந்துகொள்வார்கள். மாத்து என்பது குஞ்சம்மாளின் சொந்தத் துணியல்ல, யாராவது ஒரு வீட்டிலிருந்து வெளுப்புக்கு வந்த துணி. அது இல்லாமல் வாசல் நிலையைத் தாண்ட முடியாது. எங்கே உட்கார்ந்தாய், எதை உடுத்தினாய் என்பதுதான் அங்கே பேச்சு. செல்வம்மாள் குச்சில் உட்கார்ந்துவிட்டாள். பேச்சு முடிந்தது.

குஞ்சம்மாள் வந்தால் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டாள். அழுக்குத்துணி எடுக்க வருவாள். ஒன்றும் இல்லை என்று தெரிந்தால் மாத்து கொண்டுவருவாள். ஆனால் குஞ்சம்மாள் ஊரிலேயே இல்லை. மகள் பிரசவத்துக்குக் கங்கைகொண்ட சோழபுரம் பக்கம் போயிருந்தாள்.

சாயங்காலம் பூமாலை சோறு கொண்டுவந்தாள். குச்சுக்கு முன்னால் ஒரு உடைந்த ஆட்டுக்கல் கிடந்தது. அதைத் தாண்டக்கூடாது என்பது அவளுக்கு நடக்கப் பழகிய நாளிலிருந்து தெரியும். அந்தக் கல்லுக்கு அந்தப்பக்கமே நின்றாள். செல்வம்மாள் மண்சட்டியை வெளியே வைத்துவிட்டுப் பின்னுக்குப் போனாள். பூமாலை வந்து உயரத்திலிருந்தே வரகுச்சோற்றைச் சட்டியில் கவிழ்த்தாள். மொச்சைக்கொட்டைக் குழம்பை ஊற்றினாள். திரும்ப ஓடிப்போய்க் கல்லுக்கு அந்தப்பக்கம் நின்றுகொண்டாள். வளர்ந்திருந்தாள். கழுத்து நீண்டிருந்தது. தலையை யாரோ அவசரத்தில் வாரிவிட்டிருந்தார்கள், வகிடு கோணல்.

"நல்லாருக்கியாடி?"

"ம். ஆஸ்பத்திரில ஊசி போட்டாங்களாம்மா?"

"போட்டாங்க."

"வலிச்சிச்சா?"

"அதெல்லாம் இல்ல. ஏன்டி, கையெல்லாம் காய்ச்சுக் கெடக்கு?"

"திரிகை சுத்துறேன்ல. வரகு ஒடைக்குறது நாந்தான். அத்தைக்குத் தோள்பட்டை வலிக்குதாம், குத்த மட்டும் செய்யுறாங்க." ஒரு காலை மடக்கி நின்றபடி யோசித்தாள். "ஆனா இனிமே நான் சுத்த வேணாமாம். சித்தி வந்துடுவாங்களாம்."

"எந்தச் சித்தி?"

"அப்பாவுக்குக் கட்டி வைக்கப் போறாங்கள்ல, அந்தச் சித்தி. மாசில. சாந்தான்னு பேராம். அவங்கப்பா நாளைக்குக் களத்துக்கு வர்றாராம்." சொன்னது அம்மாவுக்குப் பிடிக்கவில்லையோ என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. "அத்தைதாம்மா சொன்னாங்க. என் கையும் மனுஷக் கைதானேன்னு அழுதாங்க."

செல்வம்மாள் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு நல்லாயிடுச்சுடி என்று இவளிடம் சொல்லிவிடலாமா? என்ன நல்லாயிற்று என்று கேட்டால்? இந்தப் பேச்சைப் பச்சைப்பிள்ளையிடமா பேசுவது?

"அப்பா ஒண்ணும் சொல்லலியா?"

"அப்பாதான் எதுக்குமே ஒண்ணும் சொல்ல மாட்டாரே."

அது உண்மை. அங்கமுத்து பேசுவதெல்லாம் மாட்டோடுதான்.

பூமாலை போன பிறகு செல்வம்மாள் சாப்பிட்டாள். பசித்தது. துக்கம் ஒருபக்கம் இருந்தாலும் வயிறு அதன்பாட்டுக்குக் கேட்கிறது. ஆஸ்பத்திரிக் கஞ்சிக்குப் பிறகு வரகுச்சோறு தொண்டையில் உரசிக்கொண்டு இறங்கியது. இதைத் திரிகையில் உடைத்து, உரலில் இட்டுக் குத்தி, புடைத்து, மறுபடி குத்தி, எத்தனை கைவேலை. அத்தனையும் ஒரு கிழமாகிக்கொண்டிருக்கிற கையும் ஒரு பிஞ்சுக் கையும். அவளுக்குச் சுந்தராம்பாள் மேல் கோபம் வரவேயில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆஸ்பத்திரி ஞாபகம் வந்தது. வயிற்றை அறுத்துக் கட்டியை எடுத்த பிறகு, எழுந்திருக்க முடியாமல் கிடந்த நாட்களில், எஸ்தர் என்று ஒரு அம்மா வார்டுக்கு வருவாள். கையில் ஒரு பெரிய புஸ்தகம். கட்டில் கட்டிலாக உட்கார்ந்து கதை படிப்பாள். யாரையும் மதத்தில் சேரச் சொல்லி நெருக்கவில்லை, அல்லது நெருக்கத் தெரியாதவளோ என்னவோ. ஒருநாள் படித்த கதையில் ஒரு பெண். அவளுக்கும் பெரும்பாடு. புஸ்தகத்திலேயே அந்த வார்த்தைதான் இருந்தது. செல்வம்மாள் திடுக்கிட்டுப் போனாள். தன் கொல்லைப்புறத்து வியாதி ஒரு சாமி புஸ்தகத்துக்குள் எப்படிப் போயிற்று?

அந்தப் பெண்ணும் வைத்தியர்களிடம் காசைக் கொண்டுபோய்க் கொட்டியவள்தானாம். கூட்டத்துக்குள் பின்னால் வந்து ஏசுசாமியின் துணியை மட்டும் தொட்டாளாம். உடனே நின்றுவிட்டதாம்.

எஸ்தர் வியந்து வியந்து சொன்னாள். செல்வம்மாளுக்கு அதில் வியப்பில்லை. ஏன் துணியைத் தொட்டாள் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆளைத் தொடக்கூடாது, துணியைத் தொட்டால் யாருக்கும் தெரியாது. வேலியில் காய்கிற பூமாலையின் பாவாடையை அவளே எத்தனை தடவை அப்படித் தொட்டிருக்கிறாள்! ஒருதடவை முகத்தில் வைத்துக்கொண்டு நின்றபோது சுந்தராம்பாள் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வேலியில் இருந்த அத்தனை துணியையும் மறுபடி நனைத்துப் போட்டாள். அதிலிருந்து செல்வம்மாள் அதையும் விட்டுவிட்டாள்.

அவளுக்குப் பிடிக்காதது அதற்கு அடுத்துதான். அவர் திரும்பி, என் துணியைத் தொட்டது யார் என்று கூட்டத்தில் கேட்டாராம். யாரோ இடித்திருப்பார்கள், விடுங்கள் என்று கூட இருந்தவர்கள் சொல்லியும் விடவில்லையாம். அந்தப் பெண் நடுங்கிப்போய் வந்து விழுந்து, அத்தனை பேர் முன்னாடியும் எல்லாவற்றையும் சொன்னாளாம்.

"இது என்னாம்மா ஞாயம்? அவரு சாமிதானே, யாரு தொட்டான்னு அவருக்குத் தெரியாதா?"

"தெரியும்தான்" என்றாள் எஸ்தர்.

"தெரிஞ்சா கம்முனு வுட வேண்டியதுதானே? பாவம், ஒருத்தருக்கும் தெரியாம வந்தவ ஒருத்தருக்கும் தெரியாமப் போவட்டுமே. ஆம்பளைங்க நிக்குற எடத்துல கூப்புட்டு வச்சு மானத்த வாங்குறதா?"

எஸ்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "எனக்கும் வெளங்கலதாம்மா. அப்படித்தான் இருக்கு."

"சரி, அப்புறம் வூட்டுக்குப் போனாளா?"

"சமாதானமாப் போன்னு அனுப்பிச்சிட்டாரு."

"போயி? வூட்டுல சேத்துக்கிட்டாங்களா?"

"அது இதுல இல்லியே" என்றாள் எஸ்தர், பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு.

மறுநாள் விடிந்து பனி விலகுவதற்குள் வீடே களத்துக்குப் போய்விட்டது. சுந்தராம்பாள் கூழ்ப்பானையைத் தலையில் வைத்துக்கொண்டு போனாள். பூமாலை மட்டும் வீட்டில். திரிகை சுற்றுகிற சத்தம் கரகரவென்று கொல்லைக்குக் கேட்டது. கொஞ்சநேரம் கேட்கும், நின்றுபோகும். கை வலிக்கிறதோ என்னவோ, மறுபடி தொடங்கும்.

செல்வம்மாள் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் நன்றாக இருக்கிறேன். ஒரு சொட்டு இல்லை. டாக்டரம்மா இனி வராது என்று சொல்லிவிட்டாள். என் கை சும்மா கிடக்கிறது. சுவருக்கு அந்தப்பக்கம் என் பிள்ளை கை கொப்புளித்துப் போகிறது. ஒரு வார்த்தை சொல்லக் கூசிக்கொண்டு நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். மாசியில் ஒருத்தி வந்துவிடுவாள், அப்புறம் சொன்னால் என்ன, சொல்லாவிட்டால் என்ன?

அந்தக் கதைப் பெண் கூட்டத்தில் சொல்லாமல் போயிருந்தால் இப்படித்தான் ஆகியிருக்கும். உடம்பில் நோய் இல்லை, ஊர் வாயில் நோய் இருக்கிறது. போய்க் குச்சில்தான் உட்கார்ந்திருப்பாள். அந்தச் சாமி அவள் மானத்தை வாங்கவில்லையோ? அத்தனை பேரும் கேட்கட்டும் என்றுதான் கூப்பிட்டாரோ? எஸ்தரம்மா பக்கத்தில் இருந்தால் கேட்கலாம். அவளுக்கும் விளங்காது. ஆனால் என்னை யாரும் கூப்பிட்டுக் கேட்கப் போவதில்லையே என்று நினைத்தபோது அழுகை வந்தது. அழுது முடித்துவிட்டு எழுந்தாள்.

வாய்க்காலில் தலை முழுகினாள். வெள்ளைச் சீலையையே பிழிந்து உடுத்திக்கொண்டாள். ஈரம் சொட்டச் சொட்டக் களத்துக்கு நடந்தாள்.

களத்தில் போரடித்து முடிந்து வரகு தூற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருபக்கம் தூற்றிய தானியம் பொலியாகக் குவிந்து நின்றது, உச்சியில் சாணிப்பிள்ளையார். பொலி நிற்கிற களத்தில் ஒதுங்கிய பெண்ணின் நிழல்கூடப் படக்கூடாது. ஆட்கள் சிலர் தாள் உதறிக்கொண்டிருந்தார்கள். பனைமரத்து நிழலில் தோளில் புதுத்துண்டு போட்டுக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். சாந்தாவின் அப்பா தர்மராஜ். மாப்பிள்ளையைவிடப் பொலியைத்தான் அதிகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு ஓரத்தில், களத்துக்கூலி வாங்க வந்து, மூட்டையும் ஆளுமாகக் குஞ்சம்மாள் உட்கார்ந்திருந்தாள். காலையில்தான் ஊர் திரும்பியிருந்தாள்.

முதலில் பார்த்தது சுந்தராம்பாள்.

"ஏ புள்ள! நில்லு! பொலி நிக்கிறது தெரியலியா? கண்ணு அவிஞ்சுபோச்சா?"

செல்வம்மாள் நிற்கவில்லை. களத்து மெழுகலில் கால் வைத்தாள். தாள் உதறியவர்கள் நிறுத்திவிட்டார்கள். மாடுகூட நிமிர்ந்து பார்த்ததுபோல் இருந்தது.

"எனக்கு நின்னுபோச்சு" என்றாள்.

குரல் அவளுக்கே கேட்கவில்லை. இன்னொருதடவை சொன்னாள்.

"எனக்கு உதிரம் நின்னுபோச்சு. வயித்த அறுத்துக் கட்டியை எடுத்துட்டாங்க. அன்னிலேந்து ஒரு சொட்டு இல்ல. இனிமேயும் வராதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. எட்டு வருசமா எருக்குழியில கெடந்தேன். எம்புள்ளைய ஒருநா தொட்டதில்ல. இப்ப எனக்கு ஒண்ணும் இல்ல. எல்லாரும் கேட்டுக்குங்க. நான் நல்லாருக்கேன்."

ஆம்பளைகள் தரையைப் பார்த்தார்கள். தர்மராஜ் துண்டை எடுத்து மறு தோளில் போட்டுக்கொண்டார். இந்த வார்த்தையை ஒரு பொம்பளை வாயால் இவ்வளவு பேர் நடுவில் அந்தக் களம் கேட்டதில்லை. ஈரச்சீலை உடம்போடு ஒட்டிக்கொள்ள, செல்வம்மாள் காற்றில் வெடவெடத்தாள். ஆனாலும் நின்றாள்.

சுந்தராம்பாள்தான் கேட்டாள். நியாயமான கேள்விதான். "நின்னுபோச்சுன்னா, நேத்து வந்தவ ஏன்டி குச்சுக்குப் போன? நானா போகச் சொன்னேன்?"

"காலு போச்சு அண்ணி. எங்காலுக்கு வேற வழி தெரியல."

சுந்தராம்பாள் அவள் காலைப் பார்த்தாள். "இதேபோலத்தான் அந்தப் பொங்கலன்னிக்கும் சொன்ன" என்றாள். குரலில் முன்னைப்போல் வேகம் இல்லை.

அப்போது ஓரத்திலிருந்து குஞ்சம்மாள் பேசினாள். "நான் ஒரு வார்த்த சொல்லலாமுங்களா? எட்டு வருசமா இவுங்க துணிய அலசினவ நானு. இவுங்க வந்திருக்குறதாக் கேட்டு, இப்ப வாரப்ப வூட்டுக் கொல்லையில எட்டிப் பாத்தேன், எடுக்க ஒண்ணும் இல்ல. இவுங்க மொகத்தையும் பாருங்க. முன்ன மஞ்சக்கெழங்காட்டம் வெளுத்துக் கெடக்கும். இப்ப ரத்தம் ஊறியிருக்கு. எங்கண்ணுக்குத் தப்பாது."

எல்லோரும் அங்கமுத்துவைப் பார்த்தார்கள். அவன் தூற்றுகிற முக்காலியின் மேல் முறத்தோடு நின்றபடியே இருந்தான். அவன் ஏதாவது சொல்ல வேண்டும். அவனுக்கோ சொல்ல வராது. கிழக்கே பார்த்தான். காற்று நன்றாக வீசிக்கொண்டிருந்தது. கீழே இறங்கினான். செல்வம்மாளுக்கு எதிரே வந்து முறத்தை நீட்டினான். கீழே வைக்கவில்லை. அவள் வாங்கிக்கொள்கிறவரை கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தான்.

"காத்து வுழுறதுக்குள்ள தூத்து" என்றான்.

அவள் விரலும் அவன் விரலும் முறத்து விளிம்பில் பட்டன. செல்வம்மாள் முக்காலியில் ஏறினாள்.

தர்மராஜ் கொஞ்சநேரம் இருந்தார். ஒரு சொம்பு கூழ் குடித்தார். வெயில் ஏறுது, நடக்கணும் என்று சொல்லிக்கொண்டு எழுந்தார். யாரும் இருக்கச் சொல்லவில்லை.

வீட்டுக்குப் போகிற நேரத்தில் சுந்தராம்பாள் குறுக்கே வந்தாள். "மாத்து கட்டாம நெலப்படி தாண்டக்கூடாது, ஆமா." குஞ்சம்மாள் மூட்டையை அவிழ்த்து ஒரு சுங்கடிச் சீலையை உருவினாள். "கணக்குப்பிள்ள வூட்டம்மாது. பொழுது சாயறதுக்குள்ள குடுத்துடணும், நாளைக்கு ஒரு கல்யாணத்துக்குக் கட்டணுமாம்" என்றாள். கணக்குப்பிள்ளை வீட்டம்மாள் கல்யாணத்துக்குக் கட்டவிருந்த சீலையோடு செல்வம்மாள் தன் வீட்டுக்குள் போனாள். தாலியறுத்த கை குங்குமம் தொடலாமா என்று பாராமல், சுந்தராம்பாள் செல்வம்மாளின் நெற்றியில் வைத்துவிட்டாள். "எனக்கும் ஆசைதாண்டி. நம்பி நம்பி ஓஞ்சுபோயிட்டேன்" என்றாள். இரண்டு பேரும் அடுப்பங்கரையில் நின்று அழுதார்கள். அழுதுகொண்டே கத்தரிக்காய் நறுக்கினார்கள்.

செல்வம்மாள் உலை வைத்தாள். உப்பு எங்கே இருக்கிறது, புளி எங்கே இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டியிருந்தது. எல்லாவற்றின் இடமும் மாறியிருந்தது. பூமாலை திரிகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குள் அம்மாவைப் பார்த்த ஞாபகமே அவளுக்கு இல்லை. செல்வம்மாள் அந்தப்பக்கம் வந்தால் காலை இழுத்துக்கொண்டாள். இந்தப்பக்கம் வந்தால் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

சோறு வெந்தது. இலையில் முதல் சோற்றைப் பூமாலைக்குத்தான் வைத்தாள். குனிந்து சாப்பிடுகிற பிள்ளையின் தலையில் கோணல் வகிடு. பார்த்துக்கொண்டே இருந்த செல்வம்மாளால் தாங்க முடியவில்லை. கையை நீட்டி அந்த முடியைக் கோதிவிட்டாள். வெதுவெதுவென்று இருந்தது. எண்ணெய்ப் பிசுக்கு விரலில் ஒட்டியது.

பூமாலை மெல்லுவதை நிறுத்தினாள். அம்மா கையை எடுக்கிறவரை அசையாமல் இருந்தாள். பிறகு இலையை மடக்காமல் அப்படியே எழுந்தாள். கோபமில்லை, அழுகையில்லை. நேராகக் கொல்லைக்குப் போனாள். கிணற்றடித் தவலையிலிருந்து சொம்பு சொம்பாக மொண்டு, பாவாடை சட்டையோடு தலையில் ஊற்றிக்கொள்ளத் தொடங்கினாள்.

அடுப்பங்கரையில் சுந்தராம்பாள் வாயில் முந்தானையை வைத்துப் பொத்திக்கொண்டாள். அது அவள் சொல்லிக்கொடுத்த பாடம்.

செல்வம்மாள் பின்னாலேயே ஓடினாள். "ஏன்டி கண்ணு குளிக்குற? சோறு தின்னுக்கிட்டிருந்தவ..."

"நீ தொட்டுட்டியேம்மா." பூமாலைக்குப் பல் கிட்டியது. தை மாதத் தண்ணீர்.

"அம்மாவுக்கு நல்லாயிடுச்சுடி. இனிமே நான் தொட்டா குளிக்க வேணாம்."

"அத்தை வைவாங்க."

"வைய மாட்டாங்க."

பூமாலை நம்பாமல் வீட்டுப்பக்கம் பார்த்தாள். கொல்லைவாசற்படியில் சுந்தராம்பாள் நின்று, வையமாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினாள். செல்வம்மாள் கிட்டே போனாள். பிள்ளை பின்னால் நகரவில்லை, ஆனால் உடம்பு கட்டைபோல் விறைத்துக்கொண்டது. நீர் வழிகிற கூந்தலைச் சேர்த்துப் பிடித்துப் பிழிந்தாள். காதோரத்தைக் கையால் துடைத்தாள். எட்டு வருஷம் என்பது எவ்வளவு நீளம் என்று அந்த விறைப்பில் அவளுக்குத் தெரிந்தது. குச்சில் தனியாகக் கிடந்தபோதுகூட இவ்வளவு தெரியவில்லை.

"இப்பவும் தொட்டுட்ட" என்றாள் பூமாலை, மெதுவாக. "மறுபடியும் ஊத்திக்கணுமா?"

செல்வம்மாள் பிள்ளையின் தோளில் கையை வைத்து, எடுக்காமல் நின்றாள்.

பூமாலை தன் கையிலிருந்த சொம்பைப் பார்த்தாள். அதில் பாதித் தண்ணீர் இருந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு அந்தத் தண்ணீரைத் தவலையிலேயே ஊற்றிவிட்டு, சொம்பைக் கவிழ்த்து வைத்தாள்.